முன்னறைக்காரி

ரோவீனா டாட்ஸ் அந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று ஹெக்ஸம் ஊர் முழுக்கத் தூறல். தரகர் சாவியைத் திருகிக் கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து ஒரு நெடி வந்து முகத்தில் படிந்தது. ஈரக் கம்பளி, அணைந்த கரி, அதற்கடியில் மெல்லிய சோப்பு வாசனை. யாரோ சற்றுமுன் கை கழுவிவிட்டு அடுத்த அறைக்குப் போனது போல.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கண் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். கீழ்த்தளத்தில் கட்டில் போட ஓர் அறை. தெருவைப் பார்த்த முன்னறை அதற்கென்றே கட்டியதுபோல இருந்தது. சமையலறைக்குப் பின்னால் குளியலறை. ஒரு படிகூட ஏற வேண்டாம்.

அப்பா வில்ஃபுக்கு அதுதான் வேண்டியிருந்தது. டைன் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர். இப்போது நுரையீரல் சுருங்கி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, லிஃப்ட் இல்லாத ஒரு மாடி வீட்டில் அடைபட்டுக் கிடந்தார். கோடைக்குப் பிறகு அவர் தெருவில் இறங்கவே இல்லை. அந்த வீட்டையும் உரிமையாளர் விற்கப் போகிறார். கிறிஸ்துமஸுக்குள் காலி செய்தாக வேண்டும். வாடகைக்குப் பார்த்த இடமெல்லாம் மாடிப்படி, இல்லாவிட்டால் நோயாளி என்றதும் முகம் சுளிப்பு. அம்மா அவளுக்கு விட்டுப்போன வீட்டை விற்ற பணம் கையில் இருந்தது. ஆனால் அந்தப் பணத்துக்குள் வந்தது இந்த ஒரு வீடுதான்.

வக்கீல் ஜோன் ஹெஸ்லப் எதையும் மேலோட்டமாக விடுகிற பெண் அல்ல. வீட்டுக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் ஓடுகிறதா, சாக்கடை யார் நிலத்தின் வழியாகப் போகிறது, பின்சுவர் யாருடையது என்று விற்பவரின் வக்கீலைத் துளைத்தெடுத்தாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒரு கேள்வியைத் தவிர. விற்பவரைத் தவிர வேறு யாராவது அந்த வீட்டில் குடியிருக்கிறார்களா?

அதற்குப் பதில் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஜோன் மறுபடி கேட்டாள். விற்பவர் அதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை என்று மட்டும் வந்தது.

"இல்லன்னு சொல்றதுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் ஜோன் தொலைபேசியில். "இந்தத் தொழில்ல இத்தனை வருஷத்துல இந்தக் கேள்விக்கு வாயத் திறக்காத ஆள நான் பார்த்ததே இல்ல. உள்ள யாராவது உரிமையோட இருந்தா, நீங்க வாங்கினப்புறமும் அவங்களக் கிளப்ப முடியாது. பதில் வராம கையெழுத்துப் போட்றாதீங்க, ரோவீனா."

"வீடு காலியாத்தாங்க இருக்கு. என் கண்ணால பார்த்தேன்."

"நீங்க பார்த்தது ஒரு மதியம்."

ரோவீனா இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு மாடி வீட்டின் உரிமையாளர் கதவைத் தட்டி, நல்லவிதமாகத்தான், சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டீர்களா என்று கேட்டார். அப்பா உள்ளறையில் இருமிக்கொண்டிருந்தார். அன்று மாலையே அவள் ஜோனை அழைத்து, எது வந்தாலும் தன் பொறுப்பு, ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள் என்றாள்.

டிசம்பர் தொடக்கத்தில் குடிவந்தார்கள். வில்ஃபை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். முன்னறை ஜன்னலோரம் கட்டில். தெருமுனையில் பேருந்து திரும்புவதைப் பார்த்து, ஓட்டுகிறவனுக்கு வளைவு தெரியவில்லை என்று முதல் நாளே குறை சொன்னார். அவர் குறை சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று ரோவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

மறுநாள் காலை தேநீரோடு போனபோது அவர் கட்டிலின் ஓரத்தில், சுவரோடு ஒட்டிக் கிடந்தார். மறுபாதி மெத்தை காலியாக இருந்தது.

"டிக்கெட் எடுக்காம யாரோ ஏறிட்டாங்க, கண்ணு" என்றார். "தள்ளித் தள்ளி உக்கார வச்சிட்டாங்க."

அவள் சிரித்தபடி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவர் படுக்காத பக்கத்தில் கை பட்டது.

அந்தப் பக்கம் சூடாக இருந்தது.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். அவரை நடுவில் படுக்கவைப்பாள். காலையில் சுவரோரம் கிடப்பார். மெத்தையில் ஒரு பள்ளம். தலையணையில் ஈரக் கம்பளி நெடி. பகலிலும் சில நேரம், அவள் சமையலறையில் நிற்கையில், முன்னறையில் யாரோ நிதானமாக நடப்பது கேட்கும். எட்டிப் பார்த்தால் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அவருடைய மூச்சு கேட்கும்.

அதற்குள்ளே இன்னொரு மூச்சும் கேட்கும்.

வில்ஃபின் கேலி குறைந்துபோனது. ஒரு மதியம் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு அவளை அருகில் அழைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"ஒரு பொம்பள, ரோ. கெட்டவ இல்ல. நாம வந்து அவ இடத்துல படுத்துட்டோம்னு நெனைக்கிறா. அவ்வளவுதான்."

அடுத்த நாளே ரோவீனா பக்கத்து ஊரான கார்பிரிட்ஜுக்குப் போனாள். வீட்டை விற்ற ஐவர் சார்ல்டன் என்பவர் அங்கே தங்கை வீட்டில் இருந்தார். மெலிந்த, துப்புரவான கிழவர். அவளைப் பார்த்ததும் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. தங்கையைக் கடைக்கு அனுப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"முன்னறையில யாரையாவது படுக்க வச்சிருக்கீங்களா?" என்றார்.

"எங்கப்பாவ."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரும் மனைவியும் அந்த வீட்டில் வாழ்ந்தவரை முன்னறையை அந்தப் பெண்ணுக்கென்று விட்டுவைத்திருந்தார்களாம். கதவைச் சாத்தியே வைப்பார்கள். யார், எந்தக் காலத்தவள் என்று அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் வாங்கும்போதே இருந்தாள். தொந்தரவு எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை, மனைவியின் தங்கை வந்திருந்தபோது வேறு இடமில்லாமல் அங்கே படுக்கவைத்தார்கள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. ரோவீனா இரண்டு தடவை கேட்டும் சொல்லவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"யார்கிட்ட சொல்றது? பேய் இருக்குன்னு வக்கீல்கிட்டயா? அதுக்காகப் பொய் சொல்லவும் மனசு வரல. யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லன்னு எப்படி எழுதுவேன்? வெறுமையா விட்டா யாராவது யோசிப்பாங்கன்னு நெனச்சேன்." அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க யோசிக்கல, அம்மா."

திரும்பி வரும் வழியில் காரை ஓரங்கட்டி ஜோனை அழைத்தாள். விஷயத்தை முழுதாகச் சொல்ல நாக்கு எழவில்லை; வீட்டை உடனே விற்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். விற்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றாள் ஜோன். அதுவரை தங்க வேறு இடம் இல்லை. முதியோர் இல்லத்தில் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். அப்பாவை வீட்டு மாடிக்கு ஏற்றலாமென்றால் படிக்கட்டு குறுகலாக, பாதியில் வளைந்து போனது. நாற்காலி திரும்பாது.

வீட்டுக்கு வந்தபோது மணி நான்குகூட ஆகவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது. முன்னறையில் விளக்கு எரியவில்லை.

"அப்பா?"

ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

விளக்கைப் போட்டாள். வில்ஃப் தரையில் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் குழாய் அவர் முகத்தில் இல்லை. அவர் இழுத்துப்போட்டதாகவும் இல்லை. அழகாக வளையம் வளையமாகச் சுற்றி, பக்கத்து மேசையில் வைத்திருந்தது.

கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. யாரோ படுக்கத் தயாராக, போர்வையின் ஒரு முனை மட்டும் மடித்துவிட்டிருந்தது.

அவள் குழாயை அவர் மூக்கில் பொருத்தி, தலையை மடியில் தாங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். தூக்கக் கலக்கத்தில் விழுந்திருப்பார், கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போடுங்கள் என்றார்கள். மருத்துவமனையில் இடமில்லை, ஆபத்தும் நீங்கிவிட்டது என்று அவரை அதே கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள்.

கதவு சாத்தியதும் ரோவீனா முன்னறையின் நடுவில் வந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பு இல்லை. காலி அறையைப் பார்த்து, கடைக்காரரிடம் தவணை கேட்பவள்போலத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இது உங்க இடந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவரால படியேற முடியாது. உங்களால முடியும். மாடியில என் ரூம் இருக்கு. ஜன்னல் பெருசு. அத எடுத்துக்குங்க. நான் இனி அங்க வரமாட்டேன், சத்தியமா வரமாட்டேன். இவர விட்டுடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கட்டிலின் கம்பிச்சுருள் ஒருமுறை முனகியது, எடை எழுந்ததுபோல.

அவளைக் கடந்து குளிர் போனது. முதல் படி கிறீச்சிட்டது. அடுத்தது. அவசரமே இல்லை. வளைவில் சற்று நின்று, மீண்டும் ஏறியது. மேலே அவள் படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

அதன்பின் வில்ஃப் கட்டிலின் நடுவில் தூங்கினார். ரோவீனா சமையலறையில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டாள். மேலேயிருந்த உடுப்புகளை எடுக்கக்கூட அவள் போகவில்லை. மலிவுக் கடையில் வேறு வாங்கிக்கொண்டாள். ஜனவரி போயிற்று. அப்பாவின் இருமல் அடங்கியது. பேருந்து ஓட்டுநர்களைத் திட்டும் குரலில் பழைய கம்பீரம் திரும்பியது. மேலே நடமாட்டம் கேட்கும், நாற்காலி இழுபடும், தண்ணீர் ஊற்றும் சத்தம் வரும். அடுக்குமாடியில் மேல்வீட்டுச் சத்தத்துக்குப் பழகுவதுபோல அதற்கும் அவள் பழகிவிட்டாள். தான் செய்தது சரிதான் என்றுகூட நினைக்கத் தொடங்கினாள்.

பிப்ரவரியில் வெயில் அடித்த ஒரு முற்பகல், ரொட்டியும் மருந்தும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். எதிர்வீட்டு மோரக் ரிட்லி தன் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாயாடி, ஆனால் நல்லவள்.

"இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள் மோரக், துடைப்பத்தை ஊன்றியபடி. "வலைத்திரை பிரமாதம். இந்தக் காலத்துல யாரு போடறாங்க. கையால பின்னினதா?"

ரோவீனா நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் வெள்ளை வெளேரென்று வலைத்திரை. துவைத்துக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தொங்கியது. அவள் அந்த வீட்டுக்குத் திரையே வாங்கவில்லை.

மேலே இருப்பவளுடைய அறை, அவள் இஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"மேலயும் கீழயும் ஒரே ஜோடியாப் போட்டது இன்னும் அழகு" என்றாள் மோரக்.

கீழே.

முன்னறை ஜன்னலிலும் அதே திரை. அதன் பின்னால் அப்பா தெரியவில்லை.

ரொட்டிப் பை நடைபாதையில் விழுந்தது. அவள் ஓடிப்போய்ச் சாவியை நுழைத்தாள். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தோளால் மோதினாள், கையால் அறைந்தாள். பின்னாலிருந்து மோரக், என்னம்மா ஆச்சு, உள்ளே யார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ரோவீனா மண்டியிட்டு, கதவின் தபால் துவாரத்து மூடியை விரல்களால் உள்ளே தள்ளினாள். சோப்பு வாசனை குபீரென்று வந்தது. இருண்ட நடைவழி. முன்னறைப் பக்கம் அப்பாவின் குரல், தாழ்ந்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் பிடிபடவில்லை. அது பாதியில் நின்றது. அதற்குப் பதில்போல ஒரு பெண்குரல், இரண்டே சொல்.

"அப்பா, கதவத் திறங்க" என்றாள் அவள். கத்த நினைத்தாள், மூச்சுதான் வந்தது.

நடைவழியில் காலடி நெருங்கி வந்தது. துவாரத்துக்கு நேரே வந்து நின்றது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு விரல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி வெளியே எடுத்துவிட்டு, மூடியை மெதுவாகச் சாத்தியது.