படகுக்காரனுக்கு வைத்த காசு

"செத்தவர் வாயில வெச்ச காசு, எனக்கே சில்லறையா திரும்பி வருதுய்யா!" என்று அலறிக்கொண்டே உள்ளே வந்தாள் மத்துகேனா.

லுக்துனம் நகரத்தின் குற்றங்களை விசாரிக்கும் டெர்டினியஸ் மதுக் கோப்பையை ஓரமாக வைத்தார். மேசைமேல் மூன்று வெள்ளிக் காசுகள் விழுந்தன. ஒன்று மீன்காரி தந்ததாம், மற்ற இரண்டும் பாலாடைக்கட்டிக் கடையில் வந்தவை.

"பொழுது சாஞ்சா என் புருஷன் லிட்டோ கிணத்தடியில வந்து நிக்கிறாரு. வாயைத் திறந்து காட்டுறாரு, உள்ள ஒண்ணுமே இல்ல. அக்கரை போக முடியாம அலையறாருய்யா. எனக்கு நெஞ்சே வெடிச்சுடும்போல இருக்கு."

"அவர் காசுதான்னு எப்படிம்மா தெரியும்?"

"இப்ப வர்ற காசுல பாதி செம்பு. செத்தவங்கள அக்கரை சேக்கற படகுக்காரன் அதைக் கூலியா வாங்குவானா? அதான் எங்கப்பா காலத்துக் காசை எடுத்து, நல்ல வெள்ளிதானான்னு நானே கடிச்சுப் பாத்தேன். என் ஒடஞ்ச பல்லோட தடம், பாருங்க!"

"வாயில வெச்சது யாரு?"

"என் கொழுந்தன்."

உதவியாளன் அட்டெப்போ துள்ளினான். "அவனேதான் திரும்ப உருவியிருக்கான், படுபாவி!"

"அவசரக்குடுக்கை! வெச்சது ஒண்ணு. இங்க மூணு கெடக்கு, மூணுலயும் அதே கடி." டெர்டினியஸ் ஒரு காசைச் சுண்டிப் போட்டார். கணீர் என்று ஒலிக்கவில்லை. "கள்ளக்காசு. களிமண்ணுல ஒரு காசை அழுத்தி அச்செடுத்தா, அதுல இருக்கற கடியும் சேந்தே வரும். நீங்க கடிச்சப்புறம் அது யார்கிட்ட இருந்துச்சும்மா?"

"பொணம் கழுவுற கரந்தஸ்கிட்ட. தீட்டுக் கழிக்க முதநாளே குடுக்கறதுதானே வழக்கம்? மறுநாள் இடுகாட்டுல கொழுந்தன் கையில குடுத்தான். ஊரே பாத்துச்சு."

"கேட்டியா அட்டெப்போ? அச்சைச் சுட்டெடுக்க நேரம் வேணும். அது கொழுந்தனுக்கு ஏது?"

மத்துகேனாவையும் அழைத்துக்கொண்டு, காவலர்களோடு போய்க் கரந்தஸின் வீட்டைச் சோதித்தார்கள். பாடைக் கட்டைகளுக்குப் பின்னால் களிமண் அச்சுகள் அடுக்கியிருந்தன. அவன் முகம் வெளுத்தது.

"இந்தக் காலத்துல நல்ல வெள்ளி பொணத்துக்கு மட்டும்தான் வருது. மண்ணுக்குள்ள போற காசை யாரு வந்து ஒத்துப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

மத்துகேனா அவனையே பார்த்தாள். "அப்ப, என் புருஷன் வாயில இருக்கறது எது?"

கரந்தஸ் இடுப்புப் பையை அவிழ்த்தான். உள்ளேயிருந்து விழுந்த காசு தரையில் கணீரென்று ஒலித்தது. அவள் அதைப் பொறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து, மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"ஐயா, புதைகுழியைத் தோண்டினா சட்டப்படி தலை போயிடும்!" என்று அட்டெப்போ கிசுகிசுத்தான்.

"தெரியும்டா." டெர்டினியஸ் மண்வெட்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நான் தோண்டறேம்மா. நீங்க காசைப் பத்திரமா பிடிச்சுக்குங்க."