ஏறலாமாண்ணே?

சோலார் கம்பெனியின் சுவிட்ச் ரூமுக்கு நான் போனது பட்டப்பகலில். ஆவூர் கோயில் மணி அடித்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பயப்படுவதற்கு அது நேரமே இல்லை.

நான் ஜாஸ்பின். சுற்றுவட்டார ஊர்களுக்கு வாட்ஸப்பில் ஒலிச் செய்தி போடுகிறவள். குடிநீர், கரண்ட், பஞ்சாயத்துச் சண்டை எல்லாம் என் மைக்கில் வரும். அந்த வாரம் வந்தது செம்மலின் சாவு. கம்பெனியின் கான்ட்ராக்ட் லைன்மேன். கம்பத்தின் மேலேயே கருகிப்போனான். அனுமதி கேட்காமல், குடித்துவிட்டு ஏறினான் என்று கம்பெனி கைகழுவிவிட்டது.

அவன் மனைவி அறிவுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவரு குடிக்கவே மாட்டாருக்கா. எம் மக பள்ளிக்கொடத்துல இந்தப் பேச்சக் கேட்டுட்டு வருது. அந்தப் பழிய மட்டும் நீக்கிவிடுங்க."

நீக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். எனக்கு வீம்பு அதிகம்.

சுவிட்ச் ரூமில் ஆபரேட்டர் பால்ராஜ் இருந்தார். கம்பத்தில் ஏறுகிறவன் வாக்கிடாக்கியில் கேட்க வேண்டும். இவர் லைனை நிறுத்திவிட்டு 'ஏறு' என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே முறை.

"அவன் கேக்கவே இல்லங்க," என்றார் பால்ராஜ். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேட்டி முடிந்ததும் எங்களுக்கு ஒரு வழக்கம். யாரும் பேசாமல், அந்த இடத்தின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிந்துகொள்வோம். பேட்டியை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதை வைத்துத்தான் நிரப்புவோம். பால்ராஜை வெளியே அனுப்பிவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

சுவிட்ச் பெட்டிகளின் ரீங்காரம் கேட்டது. எங்கோ ஒரு பல்லி கத்தியது. பிறகு ரப்பர் கருகும் வாடை மெல்ல வந்தது.

அப்புறம் மூச்சு.

என்னுடையது இல்லை. நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேனே.

"ஏறலாமாண்ணே?"

ஹெட்போனைக் கழற்றினேன். அறை காலி. மறுபடி மாட்டினேன்.

"அண்ணே... ஏறலாமா?"

ஐயோ, மாதாவே! ஓடிவந்து ஸ்கூட்டியை எடுத்ததுதான் தெரியும். பதிந்ததை வீட்டில் போட்டுக் கேட்டால் ரீங்காரம் மட்டும் இருந்தது. வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு, அந்த வெறும் சத்தத்தை வழக்கம்போல இடைவெளிகளில் ஒட்டினேன்.

போன் இல்லாதவர்களுக்காக எங்கள் செய்தியைக் கிராம சபையில் ஒலிபெருக்கியில் போடுவோம். அன்று கம்பெனி புது லைன் இழுப்பதற்குத் தீர்மானம் வரவிருந்தது. பால்ராஜ் முன்வரிசையில். அறிவுமதி மகளோடு பின்னால்.

"சீக்கிரம் போட்டு முடிம்மா, தீர்மானத்துக்குப் போகணும்," என்றார் தலைவர். போட்டேன்.

"அவன் கேக்கவே இல்லங்க," என்றது பால்ராஜின் குரல்.

"ஏறலாமாண்ணே?" என்றது இடைவெளி.

அறிவுமதி எழுந்துவிட்டாள். "அவருதான்... அவரு குரலுதான்!"

"என்னம்மா கோளாறு இது? நிப்பாட்டு!" தலைவர் கத்தினார். நிறுத்தினேன். ஒயரையும் பிடுங்கினேன்.

"ஏறலாமாண்ணே?"

ஒயர் என் கையில் இருந்தது.

பால்ராஜ் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கேட்டடா! நீ கேட்டடா! வேற லைன ஆஃப் பண்ணிட்டு நான்தான்டா ஏறுன்னு சொன்னேன்!"

குரல் நின்றது. தீர்மானமும் நின்றது. அறிவுமதி மகளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து நானும் அழுதேன். பழி போயிற்று, இனி அவன் நிம்மதியாகப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டம்மாவிடம் குடிநீர்ப் பிரச்சினை பற்றிப் பேட்டி எடுத்தேன். அவர் போனதும் வெறும் சத்தத்தைப் பதிய உட்கார்ந்தேன். காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன.

ரப்பர் வாடை.

"அக்கா... எறங்கலாமா?"

அதுதானே! ஏறச் சொன்ன மனிதர் இறங்கச் சொல்லவே இல்லையே. இத்தனை நாளும் மேலேயேவா நின்றுகொண்டிருந்தான்? பயத்தைவிடப் பாவமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"எறங்குப்பா," என்றேன்.

என் வாசலுக்கு எதிரே ஒரு மின்கம்பம் உண்டு. அதில் யாரும் இல்லை. ஆனால் மேலிருந்து சரசரவென்று ஏதோ வழுக்கி வந்தது. தொப்பென்று இரண்டு கால்கள் மண்ணில் குதிக்கும் சத்தம் கேட்டது. புழுதி எழும்பி அடங்கியது.

பிறகு அந்தக் காலடிகள் என் வாசற்படியை நோக்கி நடந்து வந்தன.