ஓட்டையுள்ள போன்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஒழுங்காகச் சண்டை போடக்கூடத் துப்பில்லை. கோதண்டம் குழாயடியில் குடத்தோடு நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் புகுந்தவளை இன்னொருத்தி வாய்க்கு வந்தபடி வைதாள். வாங்கிக் கட்டிக்கொண்டவள் சிரித்து, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

எல்லாம் செவிவித்து செய்கிற வேலை. மிளகளவுதான் இருக்கும், காதுக்குள் பதித்துவிட்டால் ஆயுசுக்கும் எடுக்க முடியாது. போனில் வருகிற குரலும் சரி, எதிரில் நிற்பவன் குரலும் சரி, அதன் வழியாகத்தான் உள்ளே போகும். மனசை நோகடிக்கிற பேச்சு வந்தால், அதே குரலில் பதமாக மாற்றிச் சொல்லும். அது வந்த பிறகு, ஹெட்போன் குத்துகிற ஓட்டை இனி எதற்கென்று போன்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோதண்டம் மட்டும் வித்தைப் பதித்துக்கொள்ளவும் இல்லை, தன் பழைய போனை விடவும் இல்லை. "என் காதுல இன்னா விழணும்னு எவனோ முடிவு பண்ணுவானா?" என்பார்.

பத்து மணிக்கு வீட்டு வசதி வாரியத்திலிருந்து அவர் குடியிருந்த பிளாக்கின் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு வந்தது. மாடி வீட்டுக்குத் திரும்பியிருந்த கோதண்டம், டேப் சுற்றிய ஹெட்போன் ஒயரை ஓட்டையில் குத்திக் கேட்டார்.

"பிளாக்கை இடிக்கப் போறோம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பன்னெண்டு வீட்டுக்காரங்களும் நேர்ல வந்து ரேகை வைக்கணும். ஒரு ரேகை குறைஞ்சாலும் யாருக்கும் மாத்து வீடு கிடையாது. இதுக்கு மேல கூப்பிட மாட்டோம்."

கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். கீழே தண்ணீர்த் தொட்டியடியில் பிளாக் சங்கச் செயலாளர் புஷ்பராஜ் மூணு பேரோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

"டேய் புஷ்பராஜ், கிளம்புடா! போன்ல சொன்னான்ல?"

"கேட்டேன் நைனா. புது வீடு தராங்களாம், சவுரியப்பட்ட நாள்ல வந்து ரேகை வச்சிட்டுப் போங்கன்னான். இன்னா மரியாதை பாத்தியா?"

"இன்னிக்கு அஞ்சு மணிதான்டா கெடு! போவலன்னா பன்னெண்டு குடும்பமும் நடுத்தெருவுல!"

புஷ்பராஜ் முகம் மலர்ந்தது. "கரெக்ட்டு நைனா. மெதுவா போலாம்."

கோதண்டத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. தன் பேச்சும் அந்த மிளகைத் தாண்டித்தான் போகிறது. தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தக் கத்த, ஆடிக்கொண்டிருந்தவர்கள் சாந்தமாகிக்கொண்டே வந்தார்கள். கெட்ட வார்த்தையில் திட்டினார். "நீயும் நல்லா இருக்கணும் நைனா" என்றான் ஒருவன்.

போனில் பதிவாகியிருந்த அழைப்பை ஓட்டி, ஒயரின் முனையைப் புஷ்பராஜ் காதில் திணித்தார். வித்து இருப்பது அதற்கும் உள்ளே.

"இதையேதானே நானும் கேட்டேன்" என்றார் புஷ்பராஜ்.

எழுதிக் காட்டலாம் என்றால் கோதண்டத்துக்குத் தன் பேருக்கு மேல் எழுத வராது. கையைப் பிடித்து இழுத்தார். புஷ்பராஜ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நைனா, நீயும் ஒண்ணு பதிச்சிக்கோ. இந்த வயசுல இவ்ளோ டென்சன் ஆவாது. எங்கள பாரு, எவ்ளோ நிம்மதியா கீறோம்."

"உங்க நிம்மதில..." கோதண்டம் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் வாழ்த்தாகத்தான் விழுந்திருக்கும்.

ஒயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். பின்னால் கேரம் காய் குழியில் விழுந்தது, கை தட்டினார்கள். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வாரிய ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க அவர் தனியாக நடந்தார்.