இரண்டு துடிப்புகளுக்கு நடுவே

காலைச் சங்கு ஊதினால் பேட்டையே உட்கார்ந்துவிடும். தோசையைத் திருப்பிக்கொண்டிருப்பவர்கூட அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவார். வெப்பக் காலத்துக்குப் பின் யாருடைய இதயமும் தானாக ஓடுவதில்லை. எல்லோர் நெஞ்சிலும் ஒரு துடிப்பி. அதை ஓட்டும் நிரல், அதாவது புரோகிராம், தினமும் புதிதாகக் கட்டப்பட்டு, பேட்டை பேட்டையாக வந்து சேரும். உடம்பு அசையாமலிருந்தால்தான் துடிப்பி அதை வாங்கிக்கொள்ளும்.

நிரலைக் கட்டும் கூடத்தில் தில்லைக்கரசிக்கு வேலை. மூன்று இயந்திரங்கள் ஒரே நிரலைத் தனித்தனியே கட்டும். இரண்டு ஒத்துப்போனால் போதும், தானாகக் கிளம்பிவிடும். அப்புறம் நிறுத்த முடியாது; இரண்டு ஒத்துப்போன வேறொரு நிரல் பின்னால் வந்தால்தான் அதைத் தள்ளும். அன்றும் கிளம்பிவிட்டது. மூன்றாவது மட்டும் வேறாக இருந்தது.

“ரெண்டு ஒண்ணாத்தானே இருக்கு? மூணாவதைக் கழட்டிடலாம்க்கா,” என்றான் கூட வேலை பார்க்கும் ராயப்பன்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. முதல் இயந்திரத்தின் அமைப்பைத் திறந்தாள். நிரலைக் கட்டித்தரும் தொகுப்பி, அதாவது கம்பைலர், எந்தப் பதிப்பு என்று எண்ணோடு குறிக்கவேண்டிய இடத்தில் ‘புதியது’ என்றிருந்தது. நேற்று, குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அவசரத்தில் அவளே போட்டது.

“ரெண்டாவதுல என்ன போட்ட?”

“நீங்க போட்டதைப் பார்த்துத்தான்க்கா...” ராயப்பனின் முகம் வெளுத்தது.

மூன்றாவதில் மட்டும் பழைய எண் அப்படியே இருந்தது. இரவோடு இரவாகப் புதுத் தொகுப்பி வந்திறங்கியிருந்தது. மகா கெட்டிக்காரத் தொகுப்பி. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே சும்மா காத்திருக்கும் வரிகளை, ஒரு வேலையும் செய்யாதவை என்று நீக்கிவிட்டது. ஓய்வே இல்லாத இதயம் எவ்வளவு நேரம் தாங்கும்? கிழக்குப் பேட்டை ஏற்கெனவே வாங்கி முடித்திருந்தது. அவள் வீடு கடைசிப் பேட்டையில்.

ஒலிபெருக்கியைப் பிடித்தாள். “யாரும் உட்காராதீங்க. நடந்துகிட்டே இருங்க.”

ராயப்பன் இரண்டாவது இயந்திரத்தில் பழைய பதிப்பை எண்ணோடு போட்டு மறுபடி கட்ட விட்டான். தில்லை தன் கணவன் அருள்நம்பிக்குப் போன் செய்தாள்.

“என்னங்க, பாப்பா எங்க?”

“இப்பதான் காய்ச்சல் விட்டுத் தூங்குறா.”

“எழுப்புங்க. அழ வைங்க. நிறுத்தவே விடாதீங்க.”

அவள் குரலைக் கேட்டு அவன் காரணம் கேட்கவில்லை. குழந்தை வீறிட்டது. பெற்ற பிள்ளையின் அழுகை நின்றுவிடக் கூடாதே என்று தில்லை வேண்டிக்கொண்டாள். அழுகை தேம்பலாகி, தேம்பலும் ஓயப்போன நேரத்தில் இரண்டாவது இயந்திரம் வேலையை முடித்தது. மூன்றாவதோடு ஒத்துப்போனது. முன்னால் போனதைத் தள்ளிவிட்டு நல்ல நிரல் கிளம்பியது. எல்லோரையும் உட்காரச் சொல்லி ஒலிபெருக்கியில் கூவிவிட்டு அவள் போனுக்குத் திரும்பினாள்.

“இப்ப தூங்கட்டும். வாங்கினதும் நெஞ்சுல கைய வச்சு எண்ணுங்க.”

போனில் கடைசித் தேம்பலும் அடங்கியது.

“ஒண்ணு,” என்றான்.

தில்லை மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு.”

நடுவில் இடைவெளி இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் ராயப்பன் கிழக்குப் பேட்டைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வீடாக மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“நிறுத்தாதீங்க,” என்றாள் கணவனிடம். “எண்ணிக்கிட்டே இருங்க.”