ஃபெலிக்ஸ் அங்கிளுக்கு எந்த எண்?

ஃபெலிக்ஸ் அங்கிள் தும்மினால் மூன்றாவது மாடி நாய் குரைக்கும். அவர் இருப்பது தரைத்தளத்தில். நடுவில் இரண்டு மாடி, எட்டு வீடு, ஒரு லிஃப்ட் இருக்கின்றன. ஆனாலும் குரைக்கும்.

அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஓய்வு பெற்று ஏ.எஸ்.ராவ் நகரில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எமி இருந்தாள். பதினோரு வயது. அவளிடம் சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு குட்டி ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. பறவைச் சத்தம் பதிவு செய்யும் அத்தை, புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை எமிக்குக் கொடுத்துவிட்டார். அதன் பக்கவாட்டில் ஒரு சக்கரம் உண்டு. அதில் பூஜ்யம் முதல் பத்து வரை எண்கள். சின்னச் சத்தம் என்றால் சக்கரத்தை ஏற்ற வேண்டும். அப்போது திரையில் உள்ள கோடுகள் பாதி தாண்டி ஆடும்.

எமி கையில் கிடைத்ததையெல்லாம் பதிவு செய்தாள். ஒரு நோட்டில் குறித்தும் வைத்தாள்.

பல்லி - 10.
மழை - 8.
லிஃப்ட் கதவு - 7.
அப்பா தூக்கத்தில் பேசுவது - 9.

இப்படிப்பட்டவளிடம்தான் சபையின் பாடகர் குழு அந்தப் பெரிய வேலையை ஒப்படைத்திருந்தது. நகரத்துத் தமிழ்ச் சபைகள் சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு வெளியிடுகின்றன. குழுத் தலைவி விஜயகுமாரி ஆன்ட்டி சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். அதைப் பதிவு செய்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சபையின் சின்ன அறையில் கூடினார்கள். விஜயகுமாரி ஆன்ட்டி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கே போனாலும், எது தொடங்கினாலும், முதலில் வருகைப் பதிவு எடுத்தாக வேண்டும் அவருக்கு.

"எமி, நான் பேர் கூப்பிடுறேன். ஒவ்வொருத்தரும் 'ப்ரெசென்ட்' சொல்லட்டும். அதை வச்சு நீ உன் மெஷினைச் சரி பண்ணிக்கோ. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"சரி ஆன்ட்டி."

பன்னிரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகப் 'ப்ரெசென்ட்' சொன்னார்கள். கடைசியாக ஃபெலிக்ஸ் அங்கிள் முறை வந்தது. வாழ்நாள் முழுக்க 'மெதுவா பேசுங்க' என்று திட்டு வாங்கியவர் அல்லவா? கருவியைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி, "ப்ரெசென்ட்" என்றார்.

எமி சக்கரத்தை எட்டில் வைத்தாள். கோடுகள் அழகாக ஆடின.

பாட்டு தொடங்கியது. முதல் சரணம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது சரணத்தில்தான் பாட்டு உச்சத்துக்கு ஏறும். ஃபெலிக்ஸ் அங்கிள் நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடி, எடுத்தார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. கருவியின் தலையில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது. 'ஆஹா, ஜோராக வேலை செய்கிறது' என்று எமி நினைத்துக்கொண்டாள்.

போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. மூன்றாவது சரணம் முழுக்கக் 'கர்ர்ர்... புர்ர்ர்' என்று ஒரே இரைச்சல்.

"க்யா ரே இது? மிக்ஸியில கல்லு போட்டு அரைச்ச மாதிரி இருக்கு" என்றான் ஃபிரெடி. எமியின் வகுப்புத் தோழன், பாதி இந்தியில் பேசுகிறவன். குழுவில் கஞ்சிரா தட்டுகிறவன்.

மறுபடி பாடினார்கள். மறுபடியும் கர்ர்ர்.

"ஃபெலிக்ஸ் அண்ணா, கொஞ்சம் அடக்கிப் பாடுங்களேன்" என்றார் விஜயகுமாரி ஆன்ட்டி.

அங்கிள் அடக்கிப் பார்த்தார். பாவம், அடக்கினால் சுருதி இறங்கியது. சுருதியைப் பிடித்தால் சத்தம் ஏறியது. ஐந்தாவது தடவையும் கர்ர்ர்தான்.

விஜயகுமாரி ஆன்ட்டி கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஒருநாள் மட்டும், நீங்க வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம்."

ஃபிரெடி கஞ்சிராவைக் கீழே வைத்தான்.

"சரிங்க டீச்சர்" என்றார் ஃபெலிக்ஸ் அங்கிள். பாட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வாயசைக்க நான் எதுக்கு? நாளைக்கு வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு. நீங்க நல்லபடியா முடிச்சிடுங்க."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி எமி கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் எமி மறுபடி அந்தப் பதிவைப் போட்டாள். ஒலியைக் குறைத்துக் கேட்டால் சரியாகிவிடுமோ என்று பார்த்தாள். சின்னக் கர்ர்ர்தான் கேட்டது. அம்மாவின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் கர்ர்ர். கீறல் விழுந்த கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தால் என்ன?

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

எமி கருவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பல்லியையும் மழையையும் பிடித்தவள் இதுவரை குக்கரைப் பிடித்ததில்லை. சக்கரம் எட்டிலேயே இருந்தது. அடுத்த விசில் வந்தது. சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. போட்டுக் கேட்டாள்.

கர்ர்ர்.

எமி அப்படியே நின்றாள். குக்கருக்கும் ஃபெலிக்ஸ் அங்கிளுக்கும் ஒரே வியாதி.

"அம்மா, குக்கர் விசில் கரகரன்னா இருக்கு?"

அம்மா லோயிஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "குக்கர் எப்பவும் போலத்தான் இருக்கு. புது கேஸ்கெட் கூட போட்டாச்சு."

ஆக, குக்கர் மேல் தப்பில்லை. கருவிதான் அவ்வளவு சத்தத்தைத் தாங்காமல் திணறுகிறது. சிவப்பு விளக்கு ஜோராக வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லை. போதும், போதும் என்று கெஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நேற்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

சக்கரத்தை ஆறில் வைத்தாள். விசில். விளக்கு எரிந்தது. ஐந்தில் வைத்தாள். இலேசாக ஒரு மினுக்.

"மூணு விசிலே போதும், நாலு ஆச்சு. அடுப்பை அணைச்சிடு" என்றார் அம்மா.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா."

நான்கில் வைத்தாள். விசில் வந்தது. விளக்கு எரியவில்லை. போட்டுக் கேட்டாள். கணீரென்று, சுத்தமாக, அசல் குக்கர் விசில். பருப்புதான் குழைந்து கூழாகிவிட்டது. அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு சாம்பாரைக் குடிக்கத்தான் முடியும்" என்றார்.

எமிக்கு அது காதிலேயே விழவில்லை. நேற்று ஏன் எட்டில் வைத்தோம் என்று யோசித்தாள். 'ப்ரெசென்ட்' சொன்னதை வைத்துத்தான். ஆனால் பாட்டில் யாரும் 'ப்ரெசென்ட்' சொல்லவில்லையே. அதிலும் ஃபெலிக்ஸ் அங்கிள் சொன்னது இருக்கிறதே, அதைப் பிடிக்கப் பல்லிக்கு வைத்த பத்துதான் சரி.

அவள் ஃபிரெடியைக் கூட்டிக்கொண்டு தரைத்தளத்துக்குப் போனாள். போகும்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து மூன்றாவது மாடி நாய் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

ஃபெலிக்ஸ் அங்கிள் டீயில் உஸ்மானியா பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க" என்றார், கிசுகிசுவென்று.

"அங்கிள், இன்னைக்கு நீங்க வரணும். தப்பு உங்க மேல இல்ல. நான்தான் மெஷின்ல நம்பரைத் தப்பா வச்சிட்டேன்."

"நீ நல்ல பிள்ளை. எனக்காகச் சொல்றே."

"இல்ல அங்கிள், நிஜமா. எங்க வீட்டு குக்கர்கூட உங்களை மாதிரியே கர்ர்ர்னு கேட்டுச்சு."

ஃபிரெடி அவள் காலை மிதித்தான். "அரே, குக்கரா? கைக்கு, ஏன் அப்படிச் சொல்றே?"

எமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அங்கிளின் உதட்டோரம் இலேசாகத் துடித்தது. அவள் அவரிடம் பழைய பதிவையும் புதிய பதிவையும் போட்டுக் காட்டினாள். எட்டில் வைத்த விசில். நான்கில் வைத்த விசில்.

அங்கிள் பிஸ்கட்டை மறந்துவிட்டார். அது டீக்குள் விழுந்து கரைந்தது.

"ரெண்டும் ஒரே குக்கரா?"

"ஹவ், ஆமா அங்கிள்" என்றான் ஃபிரெடி. "சேம் குக்கர்."

"நீங்க வரணும். வந்து 'ப்ரெசென்ட்' சொல்ல வேண்டாம். மூணாவது சரணத்தை, உங்களால எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு சத்தமாப் பாடணும். அதுக்கு ஏத்த மாதிரி நான் மெஷினை வச்சுக்கறேன்."

ஃபெலிக்ஸ் அங்கிள் டிவியை அணைத்தார். பிறகு, "என்கிட்ட இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லம்மா" என்றார்.

சாயங்காலம் நான்கு மணி. தெலுங்கு ஆராதனை முடிந்து, பெரிய அறையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்கள். வாசலில் ஃபெலிக்ஸ் அங்கிளைப் பார்த்ததும் விஜயகுமாரி ஆன்ட்டியின் முகத்தில் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. அவர் வருகைப் பதிவு நோட்டைத் திறந்தார்.

"ஆன்ட்டி, இன்னைக்கு வேற மாதிரி பண்ணலாமா?" என்றாள் எமி. "எல்லாரும் மூணாவது சரணத்தை முழுத் தொண்டையில பாடட்டும். அதுதான் வருகைப் பதிவு."

"மணி நாலு ஆச்சு எமி. ஆறுக்குள்ள அனுப்பணும். நேத்து அஞ்சு தடவை பார்த்தோம்."

"ஒரே ஒரு தடவை ஆன்ட்டி. சரியா வரலைன்னா நீங்க சொல்றபடி செய்யலாம்."

விஜயகுமாரி ஆன்ட்டி ஃபெலிக்ஸ் அங்கிளைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். ஆன்ட்டி நோட்டை மூடினார்.

"சரி. ஒரு தடவை."

எமி கருவியை, நேற்றுப் போலவே அங்கிளின் மூக்குக்கு முன்னால் இருந்த ஸ்டூலிலிருந்து எடுத்து, நான்கு அடி தள்ளி வைத்தாள். சக்கரத்தை நான்கில் வைத்தாள்.

"அங்கிள், அடக்காதீங்க."

அங்கிள் அடக்கவில்லை. ஜன்னல் அதிர்ந்தது. சிவப்பு விளக்கு மினுக்கென்றது. எமி சக்கரத்தை மூன்றுக்கு இறக்கினாள். "இன்னொரு தடவை, இன்னும் சத்தமா." இரண்டாவது தடவை பெரிய அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தார். ஆனால் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. கோடுகள் கடைசிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று திரும்பின.

"இப்ப பாடலாம்" என்றாள் எமி.

பாடினார்கள். முதல் சரணம், இரண்டாவது சரணம் முடிந்து மூன்றாவது வந்தது. எமி பாட்டைக் கேட்கவே இல்லை. அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடைசிவரை தூங்கியது.

போட்டுக் கேட்டார்கள்.

"சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார் விஜயகுமாரி ஆன்ட்டி கவலையோடு.

"அதைப் பின்னாடி கூட்டிக்கலாம் ஆன்ட்டி. உடைஞ்சு போனதைத்தான் ஒட்ட வைக்க முடியாது." எமி கருவியை ஸ்பீக்கரோடு இணைத்து ஒலியைக் கூட்டினாள்.

மூன்றாவது சரணம் வந்தது. கர்ர்ர் இல்லை. புர்ர்ர் இல்லை. பதின்மூன்று குரல்கள். எல்லாவற்றுக்கும் அடியில், எல்லாரையும் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல ஒரு கனத்த குரல்.

"யாரு அது, அடியில பாடுறது?" என்று கேட்டார் ஃபெலிக்ஸ் அங்கிள்.

"நீங்கதான் அங்கிள்."

"நானா?" அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "இன்னொரு தடவை போடும்மா."

எமி போட்டாள். அங்கிள் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். விஜயகுமாரி ஆன்ட்டி அவர் அருகில் போய், "மன்னிச்சிடுங்க அண்ணா. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

"விடுங்க டீச்சர். பாட்டு நல்லா எழுதியிருக்கீங்க. நான் பாடுற சத்தத்துல எனக்கே அது கேட்டதில்ல."

ஐந்து மணி இருபது நிமிடத்துக்குப் பாட்டை அனுப்பிவிட்டார்கள். எமி ஓரமாக உட்கார்ந்து தன் நோட்டைத் திறந்தாள்.

குக்கர் - 4.
ஃபெலிக்ஸ் அங்கிள் பாட்டு - 3.

ஃபெலிக்ஸ் அங்கிள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பல்லியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். தன் பெயர் குக்கருக்கு அடுத்து இருப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. ஃபிரெடியின் கஞ்சிரா மேஜை மேல் தானாகக் கிணுகிணுத்தது.

எமி அவசரமாகக் கருவியை எடுத்து, சக்கரத்தை இன்னும் ஒரு படி இறக்கினாள். பிறகு நோட்டில் எழுதினாள்.

ஃபெலிக்ஸ் அங்கிள் சிரிப்பு - 2.