அரை மூச்சு

"என் பிள்ளையோட ஊதுகுழலை எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

உலை அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. மாமியார் கண்ணாடிப் பட்டறை வாசலை மறித்து நின்றாள். மருமகள் உருகிய கண்ணாடியைத் தன் குழல் நுனியில் சுருட்டி எடுத்து ஊதினாள். ஊதுகிற வாய் பதில் சொன்னால் குடுவை சப்பையாகிவிடும். அதுவும் ஒரு வசதிதான்.

"கழுத்துல ஒரு கட்டி எடுத்ததுக்கு வருஷக்கணக்கா இந்தக் கூத்தா? புருஷன் குழலைப் பிடுங்கி முதலாளியம்மா ஆயிட்டா!"

"அண்ணிக்கு ருசி கண்டுபோச்சும்மா..." பின்னால் நின்ற கொழுந்தன் ஒத்து ஊதினான். அதற்கு மட்டும் அவனுக்கு மூச்சு உண்டு.

புருஷன் கழுத்தில் கட்டியை எடுத்த டாக்டர், மூச்சுத் தசைக்குப் போகும் நரம்பையும் சேர்த்து அறுத்துவிட்டார். கத்தி பிடித்தவனை முழுசாக நம்பினால் இப்படித்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே அந்தத் தசை ஒரு பக்கம் செத்துக் கிடந்தது. ஆளுயரக் குடுவை ஊதியவனுக்குப் படியேறினால் இரைத்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று அவள் கையைப் பிடித்து அழுதான். அவள் சொல்லவில்லை. வேறொரு டாக்டர் அவன் காலிலிருந்து நரம்பெடுத்துக் கழுத்தில் தைத்தார். காலில் போட்டிருந்த கட்டுத்துணியைப் பார்த்தவர்களிடம், "கண்ணாடி கிழிச்சிருச்சு" என்றாள். பட்டறை வீட்டில் அதை யார் நம்பாமல் இருப்பார்கள்? நரம்பு நத்தை மாதிரிதான் வளரும், அதுவரை குழலைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். புருஷன் திருட்டுத்தனமாக ஊதிப் பார்ப்பான் என்று தெரிந்துதான் ஒளித்தாள்.

"போதும்மா!"

உள்ளே வந்த புருஷன் சட்டையைக் கழற்றினான். கழுத்துத் தழும்பைக் காட்டினான், காலைக் காட்டினான், எல்லாவற்றையும் கொட்டினான்.

"நேத்து ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க. செத்த பக்கம் அசையுதும்மா... ஊதலாம்னுட்டாங்க! இவ குழலைத் திருடல. என் மானத்தைச் சுமந்தா!"

அவள் மணல் பெட்டிக்குள்ளிருந்து குழலை எடுத்துக் கொடுத்தாள். துரு ஒரு பொட்டு இல்லை. அவன் உலையிலிருந்து கண்ணாடியைச் சுருட்டி ஊதினான். வயிறு எழும்பியது. எலுமிச்சை அளவில் ஒரு குமிழ், கொஞ்சம் கோணல்.

"என் நாக்கு அழுகிப்போக! மன்னிச்சுடு தாயே..." மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

கொழுந்தன் மெல்ல அண்ணியின் குழல் பக்கம் கையை நீட்டினான். "அண்ணன் வந்தாச்சே... இனி அண்ணிக்கு எதுக்கு..."

"கையை எடுங்க தம்பி. அவர் குழலைக் கொடுத்துட்டேன். இது என்னோடது."

"தொட்டே, தொலைச்சுடுவேன்!" என்று சின்ன மகன் கையில் ஓங்கி அடித்தாள் மாமியார்.

அன்று உலை வாயில் இரண்டு குழல்கள் சிவந்தன. பெரிய குடுவை அவளுடையது.