வேல்விழியின் அளவு

2008இல் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் எனக்கு இருபது நாள் வேலை கிடைத்தது. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் தன் ஊரில் உட்கார்ந்தபடியே, பிரவுசரில் ஒரு பெண்ணுருவத்துக்கு டீசர்ட்டைப் போட்டு, மவுஸால் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அதைத்தான் ஃப்ளாஷ் என்ற சாப்ட்வேரில் எழுதிக்கொண்டிருந்தேன். துணி கோடவுனுக்கு எதிரே ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பகலில் மூளையே வெந்துவிடும். அந்த வருடத்துக் கரண்ட் கட் வேறு.

உருவத்துக்கான அளவுகளை மேனேஜர் சென்னியப்பன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாமே சுத்தமான மீடியம்.

"நம்ம சாம்பிளெல்லாம் இந்த அளவுலதான் போட்டுப் பாப்போம் அருளு தம்பி" என்றார்.

யாருடைய அளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தலையில்லாத உருவம். கைகள் பக்கவாட்டில் தொங்குவதாக அமைத்திருந்தேன். மறுநாள் காலை திறந்தபோது இரண்டு கைகளும் மேலே தூக்கியிருந்தன.

விரல்கள் இறுக மடங்கியிருந்தன.

நான் விரல்களைச் செய்யவே இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே வெறும் கட்டையாகத்தான் விட்டிருந்தேன்.

புரோகிராமில்தான் பிழை என்று என்னையே திட்டிக்கொண்டு சரிசெய்தேன். மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் கோடவுனிலிருந்து தட்டும் சத்தமும் சேர்ந்துகொண்டது. போய்த் திறந்தால் உள்ளே துணி ரோல்களும் சாய நெடியும்தான்.

செக்கிங் செக்சன் அமராவதி அன்று எனக்கு டீ கொண்டுவந்தாள். திரையைப் பார்த்ததும் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"இது வேல்விழியுங்க" என்றாள் மெல்ல. "தலையில்லாட்டி என்னங்க? நாலு வருசம் அவ மேலதான் சாம்பிள் போட்டுப் பாத்தோம். எனக்குத் தெரியாதுங்களா?"

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். வேல்விழி தெற்கத்திப் பெண். பெயர் ரெஜிஸ்டரில் கிடையாது. வேலையாட்களைக் கணக்குப் பார்க்க ஆடிட் வந்தால் அப்படிப்பட்டவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவது வழக்கம். போன வருடம் ஒருநாள் ஆடிட்டர்கள் சொல்லாமல் வந்து நின்றார்கள். அவளை அனுப்ப நேரமில்லை. சென்னியப்பன் அவளைக் கோடவுனுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார். அவளுக்கு வீசிங் உண்டு. திறந்தபோது உயிர் இல்லை.

"ரொம்ப நேரம் தட்டுனாளுங்க தம்பி. மேனேஜரு இதே ரூம்ல ஆடிட்டருங்கள உக்கார வெச்சு, லோடு எறக்கறாங்கன்னு சிரிச்சாருங்க. அவங்களுக்கு டீ கொண்டாந்தவ நான்தானுங்க."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும் கேட்டுச்சுங்க."

ஊருக்கு வந்திருந்த பையருக்குக் காட்டும் நாள் வந்தது. மதியம் இரண்டரைக்கு சென்னியப்பன் தன் செல்போனை என் மேஜையில் வைத்துவிட்டு, சாம்பிள் எடுக்கக் கோடவுனுக்குள் போனார். கரண்ட் போனது. யூபிஎஸ்ஸில் என் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தட். தட். தட்.

ஒவ்வொரு தட்டலுக்கும் திரையில் அந்தக் கைகள் அசைந்தன. வேல்விழிதான் தட்டுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு குரல் வந்தது.

"அருளு... கதவத் தொற கண்ணு... மூச்சு முட்டுது..."

சென்னியப்பன் குரல். ஓடினேன். தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது. அந்தப் பக்கம் என்னைத் தவிர யாருமே இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தேன்.

என் அறைக்குள் திரை தெரிந்தது. உருவம் தானாகவே என் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை கீழே இறங்கி, விரல்கள் விரிந்து, வேண்டாம் என்பதாக நீண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

பயம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். முழு உண்மை அதுவல்ல. அந்த ஆளுக்கு நன்றாக வேண்டும் என்றும் அப்போது எனக்குத் தோன்றியது.

மூன்றேகாலுக்குப் பையர் வந்த பிறகு அமராவதிதான் திறந்தாள். சென்னியப்பனுக்கு உயிரில்லை. மாரடைப்பு என்றார்கள். அவர் விரல் மூட்டுகளெல்லாம் தோல் உரிந்து கிடந்தன. அமராவதி என் காதோரம் கேட்டாள்.

"உங்களுக்கும் கேட்டுச்சுங்களா தம்பி?"

"இல்லீங்க."

அவள் நம்பவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு வெள்ளகோவிலுக்குப் போனாள். அடுத்த மாதம் அங்கே அவள் வீட்டுக் குளியலறையில் பிணமாகக் கிடந்தாளாம். கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததாம்.

கேட்டவர்களில் மிச்சம் நான் மட்டும்தான்.

அதைக் கேள்விப்பட்ட அன்றே என் வீட்டு அறைக் கதவுகளையெல்லாம் கழற்றி மொட்டை மாடியில் போட்டேன். குளியலறைக்கும் திரைச்சீலைதான். என் மனைவி நிர்மலா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் அடுப்படியிலிருந்து அவளே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, கதவே இல்லாத ரூம்ல தாப்பாள் போடற சத்தம் கேக்குதே, யாருங்க அது?"